மிச்சமிருந்த ஒரு பெட்டி

“எனக்குக் காவி கொடுத்துடுங்கம்மா,” என்றார் சடையப்பன்.

தில்லையம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலைப்பாதை திரும்பும் இடத்தில் இருந்தது அந்தச் சின்ன மடம். ஒரு சுனை, ஒரு கூரை, ஒரு அடுப்பு. மலையேறுகிறவர்களுக்கு அங்கே கஞ்சி கிடைக்கும். கேட்டால் ஒரு பதிலும் கிடைக்கும். தில்லையம்மா வெள்ளைச் சேலைதான் கட்டுவார். சடையப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மலையில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

“காவி எதுக்கு?”

“உலகம் வெறுத்துப்போச்சு.”

“யாரு வெறுக்க வச்சது?”

சடையப்பன் கீழே மலைச்சரிவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“தெய்வேந்திரன்.”

சடையப்பன் தேனீ வளர்ப்பவர். அப்பா காலத்திலிருந்து வேறு தொழில் தெரியாது. தெய்வேந்திரனின் பிளம்ஸ் தோட்டத்தை ஒட்டிய புறம்போக்குச் சரிவில் வருடா வருடம் பெட்டிகளை வைப்பார். பூ முடிந்ததும் எடுத்துக்கொள்வார்.

“போன மாசியில பூ நல்லா விரிஞ்சிருந்துச்சும்மா. அவன் மருந்தடிக்கப் போறான்னு தெரிஞ்சு ஓடினேன். பூ உதிரட்டும், இல்லேன்னா பொழுது சாயட்டும்னு சொன்னேன். என் மரம், என் மருந்துன்னுட்டான். வெயில் ஏறின நேரத்துல அடிச்சான்.”

“அப்புறம்?”

“திரும்பி வந்தது கொஞ்சம்தான். வந்ததும் பெட்டி வாசல்லயே சுத்திச் சுத்தி விழுந்துச்சு.”

தில்லையம்மா களைந்த தண்ணீரை வாழை மரத்தடியில் ஊற்றினார்.

“உன் தேனீ என் பூவைத் தின்னுது, போனதே நல்லதுன்னு சொன்னானாம். கடையில வச்சு.”

“எல்லாப் பெட்டியும் போச்சா?”

“ஒண்ணு மட்டும் வீட்டுப் பக்கம் இருந்துச்சு. அது மிச்சம்.”

“காவி கட்டுறவங்க கையில எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அதைக் கொடுத்துட்டு வாங்க.”

“யாருக்கு?”

“யாருக்குக் கொடுக்க உங்களுக்குக் கை வராதோ, அவருக்கு.”

சடையப்பன் எழுந்துவிட்டார். அன்றைக்கு அவர் கஞ்சி குடிக்கவில்லை.

*

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார்.

“என் மச்சினன் கேட்கிறான்மா. நல்லாப் பார்த்துப்பான். அவனுக்கே கொடுத்துடறேன்.”

“கொடுக்கும்போது கை நடுங்குமா?”

“இல்லம்மா. அவன் எனக்குப் பிள்ளை மாதிரி.”

தில்லையம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

சடையப்பன் காத்திருந்தார். விறகு பற்றி எரியும் சத்தம்தான் கேட்டது.

“தெய்வேந்திரன் இதையும் கொன்னுடுவான்மா,” என்றார் கடைசியில்.

“இருக்கலாம்.”

“தெரிஞ்சே கொடுக்கவா?”

“காவி வேணும்னு கேட்டது நீங்க.”

*

தை பிறந்தது. மலையில் பனி இறங்கியிருந்தது. பிளம்ஸ் மரங்கள் இலை உதிர்த்துக் குச்சி குச்சியாக நின்றன. கணுக்களில் மொட்டு பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் தேனீக்கள் அடங்கியதும் சடையப்பன் பெட்டி வாசலில் வலை வைத்து அடைத்தார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி, பெட்டியைத் தலையில் ஏற்றினார். நடந்தார்.

தோட்டத்து வேலியைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

மேட்டுப் பக்கத்து மரங்களில் எல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது.

தெய்வேந்திரனின் மனைவி வெள்ளைத்தாய் விறகுக் கட்டோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் கட்டை இறக்கினாள்.

“இது என்னம்மா கோடு?”

“வெட்டுறதுக்கு அடையாளம் அண்ணே. போன வருசம் காய்ப்பே இல்ல. பூ பூத்துச்சு, அப்படியே உதிர்ந்துச்சு. பனியில கருகிடுச்சுங்கிறாக எங்க வீட்டுக்காரவுக. இந்த வருசமும் இப்படியே போனா மொத்தத்தையும் வெட்டிட்டு நிலத்தை விடுதி கட்டுறவங்களுக்குக் கொடுத்துருவாக.”

சடையப்பன் மரங்களைப் பார்த்தார். மரங்களுக்கு நன்றாகக் காய்க்கும் வயது. நோய் எதுவும் இல்லை.

தெய்வேந்திரன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். தலையில் பெட்டியோடு நிற்கும் ஆளைப் பார்த்தான். முகம் இறுகியது.

“என்ன இது?”

“பெட்டி.”

“தெரியுது. எதுக்கு?”

“உனக்கு.”

“என்ன விலை?”

“விலை இல்ல.”

“அப்ப ஏதோ சூது இருக்கு.”

“இருந்தா எனக்குத் தெரியாது. மடத்து அம்மா கொடுக்கச் சொன்னாக. கொடுக்கிறேன். எனக்கு இதுல விருப்பம் இல்ல.”

தெய்வேந்திரன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். பொய் சொல்லும் ஆள் இப்படிப் பேசமாட்டான் என்று மட்டும் தோன்றியது.

“வைங்க அண்ணே,” என்றாள் வெள்ளைத்தாய். “அந்த ஓரத்துல, வெயில் விழுற இடமா வைங்க.”

சடையப்பன் வைத்தார். வலையை எடுத்தார். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். வேலி தாண்டும்வரை கண்ணைத் துடைக்கவில்லை.

*

“கொடுத்துட்டேன்மா.”

“நல்லது. அதுக்கு என்னென்ன வேணும்னு அவருக்குச் சொன்னீங்களா?”

“எதுக்கு?”

“பெட்டிக்கு.”

“இல்ல.”

“எறும்பு ஏறினா என்ன செய்யணும்?”

“சொல்லல.”

“பசிச்சா?”

சடையப்பன் தலை குனிந்தார்.

“அப்ப நீங்க கொடுக்கல,” என்றார் தில்லையம்மா. “இறக்கி வச்சிட்டு வந்திருக்கீங்க.”

*

சடையப்பன் மறுபடி தோட்டத்துக்கு ஏறியபோது வெயில் வந்திருந்தது.

தோட்டத்தில் தெய்வேந்திரன் தலையோடு கம்பளி போர்த்தியபடி தூரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தான். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியின் மேல் தடித்த பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டியிருந்தது.

சடையப்பன் ஓடிப்போய்த் தாளைக் கிழித்தார்.

“பனி கொட்டுச்சு,” என்றான் தெய்வேந்திரன். “நனைஞ்சிரும்னு மூடினேன்.”

“மூச்சு முட்டிப் போயிருக்கும்யா.”

“எனக்கு என்ன தெரியும்? சொல்லிட்டா போன?”

சடையப்பன் கிழித்த தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

அவர் நாலு தேங்காய்ச் சிரட்டை வாங்கிவரச் சொன்னார். பெட்டியின் கால் ஒவ்வொன்றையும் ஒரு சிரட்டைக்குள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். எறும்பு வராது என்றார். மூடியை எப்படித் தூக்குவது, எப்போது தூக்கக் கூடாது என்று காட்டினார். பூ விரியும்வரை சர்க்கரைப்பாகு வைக்கச் சொன்னார்.

தெய்வேந்திரன் ஒவ்வொரு அடியாகப் பக்கத்தில் வந்தான். கம்பளி நழுவி விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

மரத்தில் முதல் பூக்கள் விரிந்திருந்தன. ஒரு தேனீ பெட்டி வாசலில் வந்து இறங்கியது. பின்னங்காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

“அது என்ன?”

“பூந்தூள். உன் மரத்துது.”

“அப்ப எடுத்துக்கிட்டுதான வருது.”

“எடுக்கும். எடுக்கும்போது உடம்பெல்லாம் ஒட்டிக்கும். அடுத்த பூவுக்குப் போகும்போது அங்க கொஞ்சம் விழும். அது விழுந்தாத்தான் பூ பிஞ்சாகும். விழலேன்னா வெறும் பூ.”

தெய்வேந்திரன் மேட்டுப் பக்கம் பார்த்தான். சுண்ணாம்புக் கோடுகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

“அப்ப போன வருசம் உதிர்ந்தது பனியால இல்லையா?”

சடையப்பன் பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தினார்.

வெள்ளைத்தாய் இரண்டு பேருக்கும் கடுங்காப்பி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“போன மாசியில மரத்தடியைக் கூட்டினது நான்தான் அண்ணே,” என்றாள். “செத்துப்போன தேனீ முறத்துல அள்ள அள்ள வந்துச்சு. எங்க கொட்டுறதுன்னு தெரியல. குப்பையில போட மனசு வரல. குழி வெட்டி மூடினேன்.”

சடையப்பன் காப்பியைக் கீழே வைத்தார்.

“எந்த இடம்மா?”

அவள் காட்டினாள். அவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். தெய்வேந்திரனும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். காப்பி ஆறிப்போனது.

*

“இப்பக் கொடுத்துட்டேன்மா,” என்றார் சடையப்பன். “எல்லாம் சொல்லிட்டேன்.”

“சரி. வாங்க, சாப்பிடுங்க.”

அவர் சாப்பிட்டார். முழுதாகச் சாப்பிட்டார்.

“காவி?”

“பூ உதிரட்டும்,” என்றார் தில்லையம்மா. “பொழுது சாயட்டும்.”

சடையப்பனுக்குத் தன் வாயிலிருந்து வந்த பேச்சு போலவே இருந்தது. அவர் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினார்.

*

மாசியில் தோட்டம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. தேனீக்களின் இரைச்சல் வேலிக்கு வெளியே கேட்டது.

ஒரு நாள் காலையில் தெய்வேந்திரன் சடையப்பனின் வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்த வீட்டுக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தடுமாறினான்.

“அசுவினிப் பூச்சி ஏறிடுச்சுண்ணே. கொழுந்தெல்லாம் சுருண்டு கிடக்கு. மருந்துக்கடைக்காரர் இன்னைக்கே அடிக்கணுங்கிறார். பக்கத்துத் தோட்டத்துலயெல்லாம் டிரம்முல மருந்து கலக்கிட்டாங்க.”

அவன் அண்ணே என்று கூப்பிட்டதை இருவருமே கவனித்தார்கள்.

“அடிச்சா பெட்டி போயிரும். அடிக்கலேன்னா மரம் போயிரும். பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்கன்னா பாதிப் பூ இன்னும் விரியவே இல்ல. நான் என்ன செய்ய?”

சடையப்பனுக்கும் தெரியவில்லை. போன வருடத்துக் காட்சி கண் முன்னால் வந்தது.

“அந்த அம்மாவைக் கேட்டுட்டு வரலாம்,” என்றார்.

இருவரும் மடத்துக்கு நடந்தார்கள். தெய்வேந்திரன் உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். சடையப்பன் மட்டும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார்.

தில்லையம்மா முழுவதையும் கேட்டார்.

“நான் மரமும் வச்சதில்ல,” என்றார். “தேனீயும் வளர்த்ததில்ல. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“யாரைக் கேட்கிறதுன்னு தெரியலம்மா.”

“மரம் வச்சவர் வாசல்ல நிக்கிறார். தேனீ வளர்த்தவர் இங்க நிக்கிறார். நடுவுல நான் எதுக்கு?”

அவர் எழுந்து சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

சடையப்பன் வாசலுக்கு வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“நம்மளையே பேசச் சொல்லிட்டாங்க.”

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

“அசுவினி எல்லா மரத்துலயுமா?” என்றார் சடையப்பன்.

“இல்ல. ஓடைப் பக்கம்தான் அதிகம். மத்ததுல அங்கங்க.”

“பூ உதிர இன்னும் எத்தனை நாள் ஆகும்?”

“வெயில் இப்படியே அடிச்சா ஒரு வாரம்.”

“ஒரு வாரம் மரம் தாங்குமா?”

தெய்வேந்திரன் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் மரத்தைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. கடைக்காரர் கேட்டதில்லை. அவனே கேட்டுக்கொண்டதுமில்லை.

“சுருண்ட கொழுந்தைக் கிள்ளிட்டா தாங்கும். ஆனா ஒவ்வொண்ணாக் கிள்ளணும். யாரு கிள்ளுறது? கூலிக்கு ஆளே கிடைக்கல.”

“நான் வர்றேன்.”

“கொஞ்சம் கிளை போயிரும்ணே. அடுத்த வருசக் காய்ப்பு கொஞ்சம் குறையும்.”

“அதை நீதான் சொல்லணும். உன் மரம்.”

தெய்வேந்திரன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

“குறைஞ்சா குறையட்டும்,” என்றான். “ஆனா பூ உதிர்ந்ததும் நான் அடிச்சே ஆகணும்.”

“அடிக்கிறதுக்கு முதல் நாள் சொல்லு. சாயங்காலம் வந்து பெட்டியை மூடி என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். மருந்து வாசம் போனப்புறம் கொண்டாறேன்.”

“சொல்லாம அடிக்கமாட்டேன்.”

“சரி.”

தில்லையம்மா குடத்தோடு திரும்பி வந்தபோது படியில் ஆள் இல்லை.

*

வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். ஏணி போட்டு ஓடைப் பக்கத்து மரங்களில் ஏறினார்கள். சுருண்ட கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி வாளியில் போட்டார்கள். வெள்ளைத்தாய் கீழ்க்கிளைகளைப் பார்த்துக்கொண்டாள். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. தலைக்கு மேலே தேனீக்கள் அவர்களைச் சட்டை செய்யாமல் பறந்தன.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

“அடிக்கலையா தெய்வேந்திரா?”

“பூ உதிரட்டும்.”

“பைத்தியமா உனக்கு?”

“இருக்கலாம்,” என்றான் தெய்வேந்திரன். இன்னொரு கொழுந்தைக் கிள்ளினான்.

அந்த ஆள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சாயங்காலமா அடிச்சா உன் பக்கத்துத் தேனீக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டார்.

சடையப்பன் ஏணியிலிருந்து இறங்கினார். வேலியோரம் போய் அவரோடு வெகுநேரம் பேசினார்.

அந்தத் தோட்டக்காரருக்கு நம்பிக்கை முழுதாக வரவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பகலில் அவர் மருந்து அடிக்கவில்லை.

*

பூ உதிர்ந்தது. தெய்வேந்திரன் ஆள் அனுப்பவில்லை. தானே வந்து சொன்னான். சடையப்பன் பொழுது சாய்ந்து பெட்டியைத் தூக்கிவந்தார். தெய்வேந்திரன் அடித்தான். பிறகு பெட்டி மறுபடி தோட்டத்துக்குப் போனது.

பங்குனி தொடக்கத்தில் வெள்ளைத்தாய்தான் முதலில் பார்த்தாள். பெட்டி இருந்த பக்கத்து மரங்களில் பச்சைப் பட்டாணி போலப் பிஞ்சுகள். கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாக இருந்தன.

மேட்டுப் பக்கம் அப்படி இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடித்திருந்தது. ஒரு பெட்டித் தேனீ எத்தனை மரத்துக்குத்தான் போகும்.

தெய்வேந்திரன் மேட்டுக்கு ஏறினான். ஒரு மரத்தின் சுண்ணாம்புக் கோட்டை உள்ளங்கையால் தேய்த்தான். முழுதாகப் போகவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தான். அடுத்த மரத்துக்குப் போனான்.

அன்றைக்கு அவன் வேறு வேலை பார்க்கவில்லை.

பெட்டிக்குள்ளும் கூட்டம் பெருத்திருந்தது. புது ராணிக்கு அறை கட்டியிருந்தன. சடையப்பன் தேனடைச் சட்டங்களில் பாதியைப் பிரித்து இன்னொரு பெட்டியில் வைத்தார். புது ராணி முட்டையிடத் தொடங்கும்வரை தினமும் வந்து பார்த்தார். பெட்டி இரண்டானது.

பிஞ்சு பிடித்த செய்தி கீழ்மலைக்கு இறங்கியது. ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மருந்து எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது என்று சடையப்பன் சொல்கிறபடி கேட்கிறோம், பெட்டியோடு வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

“பெட்டியெல்லாம் தெய்வேந்திரனோடது,” என்றார் சடையப்பன்.

“கொண்டு போங்கண்ணே,” என்றான் தெய்வேந்திரன். “இங்க அடுத்த பூ தையிலதான். அதுவரைக்கும் இங்க இருந்து என்ன பண்ணப் போகுது? நானும் வர்றேன். ஆளுக்கு ஒண்ணாத் தூக்கலாம்.”

*

பொழுது விடியும் நேரத்தில் மடத்து வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு தில்லையம்மா வெளியே வந்தார்.

வாசலில் வலை அடைத்த இரண்டு பெட்டிகள் இருந்தன. படியில் தெய்வேந்திரன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சடையப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வளைவுல கால் பிசகிடுச்சும்மா இவனுக்கு,” என்றார்.

தில்லையம்மா உள்ளே போய் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். தெய்வேந்திரனிடம் கொடுத்தார். அவன் தயங்கித் தயங்கி வாங்கிக் கணுக்காலில் தேய்த்துக்கொண்டான்.

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு,” என்றார் அவர் சடையப்பனிடம். “காவி கேட்டீங்களே, அதுக்கு நாள் பார்த்துட்டேன். வர்ற அமாவாசை. கையில இப்ப ஒண்ணும் மிச்சமில்லையே?”

“இல்லம்மா.”

“அப்ப வந்துடுங்க.”

சடையப்பன் தலையைச் சொறிந்தார்.

“அமாவாசைக்கு முடியாதும்மா.”

“ஏன்?”

“கீழ மழை பெய்ஞ்சிருக்கு. ஆரஞ்சு மொட்டு விட்டிருச்சாம். அது விரியறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்.”

“அது முடிஞ்சு?”

“அது முடிஞ்சா கொய்யா. அதுக்கப்புறம்…” அவர் நிறுத்திக்கொண்டார். தான் எதற்காக இங்கே முதலில் வந்தோம் என்று யோசித்தார். ரொம்ப தூரத்தில் யாரோ ஒருவருக்கு நடந்தது போல இருந்தது.

“அது சரி, இதை எப்படிக் கொண்டு போவீங்க?” என்றார் தில்லையம்மா.

“அதான்மா யோசிக்கிறேன். வெயில் ஏறினா உள்ள தவிச்சுப் போயிரும். ஒண்ணை வச்சிட்டுப் போய் மறுபடி வர நேரம் பத்தாது.”

தெய்வேந்திரன் எழ முயன்றான். முடியவில்லை.

“அடுப்பை நான் பார்த்துக்கிறேன்மா,” என்றான். “யாராவது வந்தா கஞ்சி ஊத்துறேன்.”

தில்லையம்மா பெட்டியைப் பார்த்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

“கொட்டுமா?”

“வலை போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு ரெண்டு வெளியில ஒட்டிக்கிட்டு வரும். அது கொட்டும்மா.”

“வலிக்குமா?”

“வலிக்கும்.”

தில்லையம்மா சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

“தூக்கி விடுங்க,” என்றார்.